மலேசியத் தேசிய நில மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்: நட்டவர்களுக்கும் ஒரு துண்டு நிலம் வேண்டும்

தேசிய நில மன்றத்தின் மாண்புமிகு உறுப்பினர்களே,

வணக்கம். நான் சுங்கை சிப்புட் காலைச் சந்தையில் காய்கறி விற்கிறவள். இந்த மடலை மலாயில் எழுதி உங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதிப் பொதுவில் வைக்கிறேன், ஏனென்றால் இதில் வரும் பெரும்பாலான விஷயங்கள் தமிழில்தான் நடந்தன. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த யார் படித்தாலும் தங்கள் வீட்டுக் கதையும் இதற்குள் இருப்பதைப் பார்ப்பார்கள். அவர்களும் சேர்ந்து உங்களிடம் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

என் அம்மாவுக்கு வயது 76. பால்மரம் வெட்டியவர். எங்கள் தோட்டம் ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர். இருட்டு விலகுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் களத்துக்குப் போய், மதியம் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு தின்றதும் அம்மாவும் அப்பாவும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் கிளம்பிவிடுவார்கள். அங்கே எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் இருந்தது. "எங்களுக்கு இருந்தது" என்று எழுதும்போதே கை தயங்குகிறது. காகிதத்தில் அது என்றைக்கும் எங்களுடையதாக இருந்ததில்லை.

அது வந்த விதத்தைச் சொல்கிறேன். 1974 டிசம்பரில் பிரதமர் துன் ரசாக்கின் அரசாங்கம் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கியது. சும்மா கிடக்கிற நிலத்தில் எல்லாம் காய்கறி போடுங்கள், கோழி வளருங்கள், உணவுக்கு வெளிநாட்டை நம்பியிருக்க வேண்டாம் என்று நாடு முழுக்கச் சொன்ன காலம். எங்கள் தோட்டத்து மேனேஜர் ஒரு நாள் பெரட்டுக் களத்தில் நின்று, ஆற்றோரம் கித்தா (ரப்பர்) நடாமல் விட்டிருந்த பள்ளத்தைக் கைகாட்டி, வேண்டியவர்கள் நட்டுக்கொள்ளலாம் என்றாராம். "துரை சொன்னாரு, நட்டோம்" என்பார் அம்மா. அவ்வளவுதான். ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. எழுதித் தாருங்கள் என்று கேட்கவேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவுமில்லை.

பதினேழு குடும்பங்கள் அந்தப் பள்ளத்தைப் பிரித்துக்கொண்டன. பதினாலு தமிழ்க் குடும்பங்கள், இரண்டு சீனக் குடும்பங்கள், கம்பத்திலிருந்து வந்த ஒரு மலாய்க் குடும்பம். இடுப்பு உயரத்துக்கு லாலான் புல் மண்டிக் கிடந்த இடம். வேர் அறும்வரை கொத்த வேண்டும், இல்லாவிட்டால் மூன்றே வாரத்தில் மறுபடி வந்து நிற்கும். முதல் வருஷம் மரவள்ளி மட்டும் போட்டார்கள். பாட்டி அந்தக் கிழங்கைத் தொடவே மாட்டார். ஜப்பான்காரன் காலத்தில் மூன்றரை வருஷம் தின்றது இந்த ஜென்மத்துக்குப் போதும் என்பார். அப்புறம் பயத்தங்காய், வெண்டை, பாகற்காய், கீரை, ஓரத்தில் மஞ்சள். மஞ்சள் விற்பதற்கு இல்லை. பொங்கலுக்கு லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எல்லா வீட்டுப் பானைக்கும் கொத்து போகும்.

பாகல் பந்தலை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் காட்ட வேண்டும். பிஞ்சு விரல் நீளம் வந்ததும் பழ ஈ வந்து குத்திவிடும். குத்தினால் காய் உள்ளே அழுகும். அதனால் ஒவ்வொரு பிஞ்சுக்கும் பழைய செய்தித்தாளைக் குழல் மாதிரி சுற்றி, மேல் நுனியை மடித்து, ஈர்க்குச்சியால் குத்திவிடுவார் அம்மா. பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் நூற்றுக்கணக்கில் தமிழ் எழுத்துகள் தொங்கும். நான் எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகியது அங்கேதான். என்னைப் படிக்க வைத்தது பாதி கித்தா, பாதி பயத்தங்காய்.

எண்பதுகளின் கடைசியில் கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டார்கள். கித்தாவுக்குத் தேவைப்பட்ட ஆட்களில் பாதிப் பேர்கூடச் செம்பனைக்குத் தேவையில்லை. அப்புறம் குத்தகை ஆட்கள் வந்தார்கள், வெளிநாட்டிலிருந்து. லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. 1998-இல் நாங்களும் ஊரில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். சுற்றிச் சிமெண்டு. ஒரு துளசிச் செடிக்குத்தான் இடம். வேலை போயிற்று, வீடு போயிற்று, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியும் ஊருக்கு மாறிப்போயிற்று. அந்த ஒன்றேகால் ஏக்கர் மட்டும் அப்படியே இருந்தது. அப்பா இறந்த பிறகும் அம்மா தினமும் என் தம்பியின் ஹோண்டா கப் பின்னால் உட்கார்ந்து போய் வந்தார். என் கடையின் காய்கறியில் பாதி அங்கிருந்து வந்ததுதான். இடையில் தோட்டம் இரண்டு முறை கைமாறியது. ஆற்றோரத்தை யாரும் கேட்கவில்லை.

2019 செப்டம்பரில் ஒரு நாள் அம்மா மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். பந்தல் காலில் குத்தியிருந்ததாம். "நல்ல கெட்டித் தாளா இருக்கு, காய்க்குச் சுத்தலாம்னு எடுத்தாந்தேன்" என்றார். நான் வாங்கிப் படித்தேன். மலாயில் பத்து வரி. நிலம் நிறுவனத்துக்குச் சொந்தம், அத்துமீறி இருக்கிறீர்கள், பதினாலு நாளில் காலி செய்ய வேண்டும். அதைத் தமிழில் அம்மாவிடம் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பதினாலு நாளில் என்ன எடுக்க முடியும்? பயத்தங்காய் பறிக்கலாம். பாகற்காயில் முற்றியதைப் பறிக்கலாம். மரவள்ளிக்கு இன்னும் நாலு மாதம் வேண்டும். மஞ்சள் அப்போதுதான் கிழங்கு கட்டத் தொடங்கியிருந்தது, தைக்குத்தான் சரியாக வரும். இருபது வருஷத்துக் கறிவேப்பிலையை என்ன செய்வது? பிடுங்கிக் கொண்டுபோக முடியாது. நல்லெண்ணத் தொகை என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் 300 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தார்கள். பதினைந்தாம் நாள் எஸ்கவேட்டர் வந்தது. பந்தலைத் தட்டிவிட அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இப்போது அங்கே செம்பனை, ஆற்றிலிருந்து சில அடி தூரம் வரைக்கும்.

அந்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. சட்டப்படி அவர்கள் செய்ததில் தப்பில்லை. தேசிய நிலச் சட்டத் தொகுப்பின்படி கிராண்ட், அதாவது நிலப் பட்டா, யார் கையில் இருக்கிறதோ நிலம் அவருக்கு. நாற்பது வருஷம் உழுதேன், ஐம்பது வருஷம் உழுதேன் என்று சொல்லி உரிமை கேட்க முடியாது. அரசு நிலமானாலும் அப்படித்தான், அதை 48-ஆவது பிரிவு நேரடியாகவே சொல்கிறது. தனியார் நிலமானால் 341-ஆவது பிரிவு. இதையெல்லாம் நான் பள்ளியில் படிக்கவில்லை. அந்தக் காகிதம் வந்த பிறகு, எங்களுக்கு உதவிய ஒரு வழக்கறிஞர் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகச் சொல்லித்தந்தார். சட்டமே இப்படி இருக்கும்போது நிறுவனத்திடம் நியாயம் கேட்டு என்ன பயன்? அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நிலம் மாநிலத்தின் அதிகாரம் என்று மத்தியில் இருப்பவர்கள் சொல்வார்கள். சட்டம் நாடாளுமன்றத்துச் சட்டம் என்று மாநிலத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். இந்த இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்காரும் இடம் உங்கள் மன்றம். அரசியலமைப்புச் சட்டத்தின் 91-ஆவது பிரிவு உங்களுக்குக் கொடுத்திருக்கும் வேலை, சுரங்கத்துக்கும் விவசாயத்துக்கும் காட்டுத்தொழிலுக்கும் நிலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்ற தேசியக் கொள்கையை வகுப்பது. நீங்கள் வகுத்ததைத் தீபகற்பத்தின் மாநிலங்களும் மத்திய அரசும் பின்பற்றியாக வேண்டும். இதைவிடப் பொருத்தமான வாசல் எனக்குத் தெரியவில்லை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1877-இல் வந்த ரப்பர்க் கன்றுகளில் சில எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கோலகங்சாரில்தான் நடப்பட்டன. அதற்குப் பிறகு காட்டை அழித்து நட்டதில் பெரும்பங்கு எங்கள் முன்னோர்களின் கை. செம்பனைக்கும் அப்படித்தான். 1917-இல் சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் முதல் வணிகச் செம்பனை நட்டபோது அந்தத் தோட்டத்துக்கு இருந்த பெயரைக் கேட்டாலே அங்கே யார் இருந்தார்கள் என்று தெரியும். நட்டவர்களுக்கு லயம் கிடைத்தது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகை கிடைத்தது, கோயில் கட்டிக்கொள்ள இடம் கிடைத்தது. நிலம் கிடைக்கவில்லை. தங்கள் சொந்தத் துண்டில் கித்தா நட்ட மலாய், சீனச் சிறுதோட்டக்காரர்களையும் அன்றைய ஆட்சி நன்றாக நடத்திவிடவில்லை. 1934-இல் தொடங்கிய ரப்பர்க் கட்டுப்பாட்டில் பெரிய தோட்டங்களுக்குத் தாராளமாகவும் சிறுதோட்டங்களுக்குக் குறைத்தும்தான் ஒதுக்கீடு கொடுத்தார்கள்.

சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்றார்கள். துண்டாடல் என்ற சொல் அப்போது ஒவ்வொரு லயத்திலும் பயத்தோடு பேசப்பட்டது. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பொருளியல் பேராசிரியர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். எங்கள் ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் அறிக்கைக்குக் காத்திருக்கவில்லை. தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம். அந்தப் பத்து வெள்ளிக்காக என் தாத்தா வெற்றிலை போடுவதை நிறுத்தினார் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த முயற்சி மீது எனக்கு இன்றும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். அதில் தொழிலாளி பங்குதாரர் ஆனார், நிலக்காரர் ஆகவில்லை. தோட்டம் தோட்டமாகவே இருந்தது. தன் பெயரில் கிராண்ட் வைத்து, தான் விரும்பியதை நட்டு, பிள்ளைக்கு எழுதிவைக்கும் உரிமை அவருக்கு அதிலும் கிடைக்கவில்லை.

அதே காலத்தில் இந்த நாடு நிலமில்லாத ஒருவரை நிலக்காரர் ஆக்குவது எப்படி என்று செய்தும் காட்டியது. 1956-இல் பெல்டா என்ற மத்திய நில மேம்பாட்டு வாரியம் வந்தது. முதல் திட்டம் பகாங்கில் பெந்தோங் பக்கம் லூரா பீலுட். ஒரு குடும்பத்துக்குப் பத்து ஏக்கர் அளவில் நிலம், வீடு, கடன், கற்றுத்தர ஆள். 1990-இல் புதிய குடியேறிகளை எடுப்பதை நிறுத்தும்வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அப்படி நிலம் பெற்றன. லூரா பீலுட்டில் இன்றும் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது, அங்கே போய்க் குடியேறிய நம்மவர்களின் பிள்ளைகளுக்காக. ஆனால் தோட்டத்திலிருந்து அப்படிப் போனவர்கள் மிகச் சொற்பம். பெல்டா குடியேறிகளைப் பார்த்து நான் பொறாமைப்படவில்லை. ஏழை மனிதனிடம் பத்து ஏக்கர் கொடுத்தால் அவன் என்ன செய்வான் என்பதற்கு அவர்கள் சாட்சி. பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பினார்கள்.

சின்ன நிலத்தில் உற்பத்தி வராது, பெரிய நிறுவனம்தான் திறமையாக விளைவிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. கூட்டங்களில் எனக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள். இந்த நாட்டில் ரப்பர் நட்டிருக்கும் பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் இன்று சிறுதோட்டக்காரர்களுடையது. விலை விழுந்ததும் பெரிய தோட்டங்கள் மரத்தைச் சாய்த்துவிட்டு வேறு பயிருக்குப் போயின; சின்ன ஆட்கள்தான் தாங்கிப் பிடித்து நின்றார்கள். நெல்லும் அவர்கள் கையில். கேமரன் மலைக் காய்கறியும் பெரும்பாலும் குடும்பங்களின் உழைப்பு. செம்பனை வேறு கதை. 55 லட்சம் ஹெக்டேருக்கு மேல் செம்பனை நிற்கிறது, அதில் யாரையும் சாராத தனிச் சிறுதோட்டக்காரர்களுக்கு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். அவர்கள் பழைய மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்தால் மூன்று வருஷம் வருமானம் இல்லை. வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்குச் சேர்க்க வேண்டும், ஆலையோ நிறுவனத்துடையது, நடுவில் ஒரு வியாபாரி. 2020 முதல் எம்எஸ்பிஓ என்ற நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழும் கட்டாயம். அதற்கு முதலில் கேட்கும் கேள்வி, நிலம் உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம்? வெளிநாட்டில் பனை எண்ணெய் வாங்குகிறவர்கள் கேட்பதும் இப்போது அதே கேள்விதான். ஆக, கிராண்ட் இல்லாதவருக்கு நிலமும் உறுதியில்லை, விளைச்சலை விற்கும் வழியும் அடைபடுகிறது.

உணவுக்காக இந்த நாடு வருஷத்துக்கு 70 பில்லியன் வெள்ளிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. என் கடையில் இப்போது மிளகாய் தாய்லாந்து, வெங்காயம் இந்தியா, இஞ்சியும் பூண்டும் சீனா. பாகற்காய்கூட லோரியில் எங்கிருந்தோ வருகிறது. வாடிக்கையாளர்களில் ஒரு பாட்டி, "அம்மா கொல்லைக் காய் இருக்கா?" என்று இன்னும் கேட்கிறார். இல்லை என்று ஆறு வருஷத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். காட்டில் விளையும் பெத்தாய் காய்க்கும் காலத்தில் லாசா பக்கமிருந்து தெமியார் பூர்வகுடி மக்கள் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார்கள், என் கடைக்குப் பக்கத்திலேயே தாளை விரித்து உட்காருவார்கள். அவர்கள் சொல்கிற கதைக்கும் எங்கள் கதைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அவர்களுடையது இன்னும் பழையது என்பதைத் தவிர. காட்டைச் சுத்தமாக வெட்டிவிட்டு ஒரே வகை மரத்தை வரிசையாக நட்டு, அதற்கும் ஏட்டில் காடு என்றே பெயர் வைக்கிறார்கள். தெமியார்களுக்கு அதில் பெத்தாய் இல்லை, பிரம்பு இல்லை, வேட்டை இல்லை. கிளந்தானில் குவா மூசாங் பக்கம் போஸ் சிம்போரில் டுரியான் தோட்டங்களை எதிர்த்து அவர்கள் வழிமறித்து நின்றார்கள். 2019 ஜனவரியில் மத்திய அரசே அவர்கள் சார்பில் மாநில அரசின் மீது வழக்குப் போட்டது. ஒதுக்கப்பட்ட காடுகளில் புதிய மரத்தோட்டங்களை நிறுத்திவைக்கும் முடிவு உங்கள் மன்றத்தில் எடுக்கப்பட்டதைப் படித்தபோதுதான், இந்த மேசைக்கு அவ்வளவு பலம் உண்டு என்று எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது. இந்த மடலுக்கு விதை விழுந்தது அன்றைக்குத்தான்.

பகாங்கில் ரவுப் ஊரின் கதை எல்லாருக்கும் தெரியும். பல பத்தாண்டுகளாக டுரியான் வளர்த்த குடும்பங்களின் காலடியில் இருந்த 5,357 ஏக்கர், 2020-இல் ஒரு நிறுவனத்துக்குக் குத்தகையாகப் போனது. நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுப் பழத்தை அதற்கே விற்றால் இருக்கலாம் என்றார்கள். விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2025 ஏப்ரலில் சுங்கை ருவானில் காய்க்கும் மரங்களைச் சாய்த்தபோது ஒரு மூதாட்டி விழுந்த மரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் காட்சியை நான் மனதில் நினைத்துக்கொண்டேன், என் அம்மாவின் முகத்தோடு. அவர்கள் சட்டவிரோதமாக இருந்தார்கள் என்பது அதிகாரிகளின் பதில். சரி. ஆனால் நட்ட முதல் வருஷத்திலேயே அதைச் சொல்லியிருக்கலாமே. மரம் காய்த்து, பழத்துக்கு உலக விலை வந்த பிறகா சட்டம் ஞாபகத்துக்கு வர வேண்டும்?

உரிமம் உள்ளவர்களின் நிலையும் உறுதியானது இல்லை. டிஓஎல் என்ற தற்காலிக உரிமம் டிசம்பர் 31-உடன் முடிகிறது. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். விற்க முடியாது, மாற்ற முடியாது, ஆள் இறந்தால் உரிமமும் இறக்கிறது, பிள்ளைக்குப் போகாது. எனக்குத் தெரிந்த ஒரு சீன அப்பெக், பெரியவர், முப்பது வருஷம் இப்படிப் புதுப்பித்து கொய்யா வளர்த்தார். அடுத்த வருஷம் கிடைக்குமா என்று தெரியாத நிலத்தில் எந்த வங்கி கடன் கொடுக்கும்? ஒரு சொட்டுநீர்க் குழாய் போடக்கூட அவர் யோசிப்பார்.

நான் கேட்பது இதுதான்.

நூறு ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டாக்கிக் கைமாற்ற வேண்டுமானால் நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். துண்டாடல் தந்த பாடத்தில் பிறந்த பிரிவு அது. விவசாய நிலத்தை வீட்டுக்கோ தொழிற்சாலைக்கோ மாற்ற வேண்டுமானால் 124-ஆவது பிரிவின்படி மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். ஆக, எந்தப் பெரிய தோட்டமும் உருமாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு விண்ணப்பம் அரசாங்கத்தின் மேசைக்கு வந்தே தீரும். அந்த ஒப்புதலோடு ஒரு நிபந்தனையைச் சேர்க்கும்படி நீங்கள் தேசியக் கொள்கை வகுக்க வேண்டும்: நூறு ஏக்கருக்கு ஐந்து ஏக்கர் என்ற கணக்கில், அங்கே வேலை செய்த, பயிர் செய்த குடும்பங்களுக்கு விவசாய நிலமாகப் பிரித்து, கிராண்டோடு கொடுக்க வேண்டும். வீடமைப்பு நிறுவனம் விண்ணப்பம் போட்டால் மலிவு விலை வீட்டுக்கு இடம் ஒதுக்கு, பள்ளிக்கு இடம் விடு என்று நிபந்தனை போடுகிறோம். யாரும் அதைப் பிடுங்கல் என்று சொல்வதில்லை. பயிர் செய்யவும் அதே மாதிரி இடம் விடச் சொல்லலாம்.

கொடுத்தால் மறுநாளே தவுக்கேயிடம், பணக்கார முதலாளியிடம், விற்றுவிடுவார்கள் என்று ஒருவர் சொன்னார். அப்படியானால் இருபது வருஷத்துக்கு விற்கக்கூடாது என்று கிராண்டிலேயே கட்டுப்பாடு எழுதுங்கள், சட்டம் அதற்கு இடம் தருகிறது. கணவன் பெயரும் மனைவி பெயரும் சேர்ந்து வரட்டும். எங்கள் பதினேழு குடும்பங்களில் பத்து நிலங்களில் கடைசிவரை மண்வெட்டி பிடித்தது பெண்கள்.

அரசு நிலத்துக்கு இன்னொரு வரி. ஒரு நிறுவனத்துக்கு நிலமோ காடோ குத்தகைக்குக் கொடுப்பதற்கு முன், அங்கே யார் பயிர் செய்கிறார்கள், யார் வாழ்கிறார்கள் என்று கணக்கெடுத்துப் பொதுவில் வையுங்கள். பல வருஷம் பயிர் செய்தவருக்கு முதல் உரிமை, பிள்ளைக்குப் போகும்படியான நீண்ட குத்தகை. பூர்வகுடி மக்களின் நிலத்தை யாருக்கும் கொடுக்கும் பேச்சே வேண்டாம், நீதிமன்றங்கள் அவர்கள் உரிமையைத் தொண்ணூறுகளிலேயே ஒப்புக்கொண்டுவிட்டன.

இதில் இனம் பார்க்கச் சொல்லவில்லை. எங்கள் பள்ளத்தில் இருந்த மலாய்க்காரப் பெரியவருக்கும் அதே 300 வெள்ளிதான் கொடுத்தார்கள். நஷ்ட ஈடு கேட்டும் நான் எழுதவில்லை. எங்கள் ஆற்றோரம் திரும்பி வராது என்று தெரியும். ஆனால் நம் பக்கத்தில் இன்னும் எத்தனையோ தோட்டங்கள் அடுத்தடுத்து விலைக்கு வரப்போகின்றன, அவற்றின் ஓரங்களில் இன்றும் யாரோ பயத்தங்காய்க்குக் குச்சி நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மா அந்தப் பதினாலு நாளில் பிஞ்சு மஞ்சளை மண்ணோடு பெயர்த்தெடுத்து, பழைய பெயிண்டு வாளிகளில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு வாளி. சிமெண்டுத் தரையில் சுவரோரம் வரிசையாக நிற்கின்றன. வருஷா வருஷம் கிழங்கைப் பிரித்து மறுபடி வாளியிலேயே நடுகிறார். விதை விட்டுப்போகக்கூடாதாம். நிலம் கிடைத்தால் நட வேண்டும் என்கிறார்.

நீங்கள் பதில் எழுதினால் மலாயில் இருந்தால் போதும். போன தடவை வந்த காகிதத்தை அம்மாவுக்குப் படித்துச் சொன்னவள் நான்தான். இதையும் நானே படித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
காலைச் சந்தைக் காய்கறிக் கடைக்காரி,
சுங்கை சிப்புட், பேராக்